கேரட் விலையில் திராட்சை... கேஷியர் இல்லாத கல்லாவில் யார் திருடர், யார் காவலர்?

சனிக்கிழமை இரவு. இங்கிலாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட். எட்டு மெஷின்களுக்கு நடுவே தனியாக நிற்கிறார் ஓர் இளம்பெண். மதுரைக்காரர். எம்.எஸ்ஸி படிக்கப் போனவர். படிப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பது அங்கே மாணவர் விசா விதி. அந்த 20 மணி நேரத்தில் பெரும்பகுதி இந்த எட்டு மெஷின்களோடுதான் கழிகிறது.

அவர் என் பெரியப்பா மகள். வீடியோ காலில் வரும்போதெல்லாம் அந்த மெஷின் பேசுவதுபோலவே பேசிக்காட்டுவார். "பை வைக்கும் இடத்தில் எதிர்பாராத பொருள் உள்ளது!" ஆரம்பத்தில் குடும்பமே சிரித்தது. ஒருநாள் சிரிக்காமல் ஒன்று சொன்னார். "திருடுறவங்களைக்கூட சமாளிச்சிடலாம். திருடாதவங்களையும் அதே கண்ணோட பார்க்க வேண்டியிருக்கு பாரு, அதுதான் கஷ்டம்."

வாடிக்கையாளரே ஸ்கேன் செய்து, வாடிக்கையாளரே பணம் கட்டிவிட்டுப் போகும் 'செல்ஃப் செக்-அவுட்' முறை வெளிநாடுகளில் இன்று பெரிய தலைவலியாகிவிட்டது. திருட்டு ஒரு பக்கம். அந்தத் திருட்டைப் பார்க்கும் ஊழியர் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்ற கேள்வி இன்னொரு பக்கம். உங்கள் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் படிக்கிறார் என்றால் இந்த இரண்டுமே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள்.

அண்ணாச்சி கடையிலிருந்து மெஷின் வரை

ஒரு காலத்தில் உலகம் முழுக்கவே மளிகைக்கடை என்றால் நம்மூர் அண்ணாச்சி கடைதான். நாம் கேட்போம், அவர் எடுத்துத் தருவார். 1916-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து அதை மாற்றினார். கூடையை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளரே உள்ளே போய்ப் பொருள்களை எடுத்து வரலாம். ஆனால், கல்லாவில் மட்டும் ஒரு மனிதர் இருந்தார்.

1974-ல் ஒஹையோ மாநிலத்தின் ட்ராய் நகரில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. விலையை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலை அதோடு கேஷியருக்கு இல்லாமல் போனது. அடுத்து கேஷியரே தேவையா என்ற யோசனை வந்தது. ஃப்ளோரிடாவைச் சேர்ந்த டேவிட் ஹம்பிள் உருவாக்கிய மெஷின், 1986-ல் அட்லாண்டா அருகே 'க்ரோகர்' கடையில் சோதித்துப் பார்க்கப்பட்டது. இன்று நாம் பார்க்கும் செல்ஃப் செக்-அவுட்டுக்கு அதுதான் தொடக்கம்.

கடைக்காரர்களுக்கு இதில் கணக்கு எளிது. எட்டு கல்லாவுக்கு எட்டு பேர் தேவையில்லை. எட்டு மெஷின், ஒரே ஒரு ஊழியர். சம்பளம் மிச்சம், வரிசையும் குறையும். ஆனால், இந்தக் கணக்கில் எழுதப்படாத செலவு ஒன்று இருந்தது.

மெஷின் எதை நம்புகிறது?

இந்த மெஷினின் பாதுகாப்பு பெரும்பாலும் ஒரு தராசை நம்பியது. நீங்கள் ஒரு பொருளை ஸ்கேன் செய்கிறீர்கள். அதன் எடை எவ்வளவு என்று மெஷினுக்குத் தெரியும். ஸ்கேன் செய்த பொருளைப் பக்கத்தில் இருக்கும் மேடையில் வைத்ததும் அந்த எடை வருகிறதா என்று பார்க்கும். வந்தால் அடுத்த பொருள். வரவில்லையென்றால் சிவப்பு விளக்கு எரியும். ஊழியர் ஓடி வர வேண்டும்.

சிக்கல் காய்கறி, பழங்களில் வருகிறது. பார்கோடு இல்லாத பழத்தை மேடையில் வைத்து, திரையில் 'இது என்ன?' என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மெஷினுக்கு எடை தெரியும். ஆனால், அது திராட்சையா கேரட்டா என்பது தெரியாது. நாம் சொல்வதை அப்படியே நம்பும்.

இங்கேதான் ஓட்டை. விலையுயர்ந்த பொருளை வைத்துவிட்டு மலிவான பொருளின் பட்டனை அழுத்துவதற்கு அமெரிக்காவில் 'வாழைப்பழ தந்திரம்' என்றே பெயர் வந்துவிட்டது. வாழைப்பழத்துக்கான எண் 4011. அந்த நான்கு எண்களை அழுத்தினால் எந்தப் பொருளும் வாழைப்பழ விலைக்கு இறங்கிவிடும்.

ஆஸ்திரேலியாவில் இதே வேலையைச் செய்தது கேரட். ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம் கணக்குப் பார்த்தபோது, தன்னிடம் இருந்த கேரட்டைவிட அதிக கேரட்டை விற்றிருப்பதாக கம்ப்யூட்டர் சொன்னது! அத்தனை பேர் வேறு எதையெதையோ 'கேரட்' என்று எடைபோட்டுக் கொண்டுபோயிருந்தார்கள்.

நான்கு வகை மனிதர்கள்

இந்தக் கேரட் கதையை ஆய்வுலகத்துக்குக் கொண்டுவந்தவர் எமிலின் டெய்லர். குற்றவியல் ஆய்வாளர். கடையில் சட்டைக்குள் பொருளை ஒளித்துக்கொண்டு ஓடுபவர் அல்ல இவர் ஆராய்ந்த ஆள். நல்ல வேலை, நல்ல குடும்பம், மற்ற இடங்களில் ஒரு ரூபாய்கூட எடுக்காத மனிதர். அவர் ஏன் மெஷின் முன்னால் மட்டும் மாறுகிறார் என்பதுதான் டெய்லரின் கேள்வி. அவர் பிரிக்கும் வகைகள் இவை.

முதல் வகை, தெரியாமல் செய்பவர்கள். ஸ்கேன் ஆனதென்று நினைத்துப் பையில் போட்டிருப்பார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். ஒருமுறை யாரும் கேட்கவில்லை என்றதும் அடுத்த முறை தெரிந்தே செய்பவர்களும் இவர்களில் உண்டு.

இரண்டாவது, மாற்றி அழுத்துபவர்கள். முழுசாகத் திருடவில்லை, பணம் கொடுத்துத்தானே வாங்குகிறோம் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறவர்கள்.

மூன்றாவது, ஈடுகட்டுபவர்கள். 'கேஷியர் செய்ய வேண்டிய வேலையை நான் செய்கிறேன், எனக்கு யார் சம்பளம் தருகிறார்கள்?' என்று கேட்டு, அந்தச் சம்பளத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கிறவர்கள்.

நான்காவது, எரிச்சலடைந்தவர்கள். மூன்று முறை ஸ்கேன் செய்தும் மெஷின் எடுக்கவில்லை, உதவிக்கும் யாரும் வரவில்லை. சரி போ என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள்.

இந்த நான்கில் மூன்று வகையினருக்கு, முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் அந்த எண்ணமே வந்திருக்காது. கேஷியரின் முகத்தைப் பார்த்துத் திராட்சையைக் கேரட் என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய்வரும்?

எவ்வளவு போகிறது?

இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏட்ரியன் பெக், மேட் ஹாப்கின்ஸ் இருவரும், வாடிக்கையாளரே ஸ்கேன் செய்துகொண்டு போகும் கடைகளின் சுமார் 10 லட்சம் பரிவர்த்தனைகளை ஆராய்ந்தார்கள். விற்பனை மதிப்பில் சுமார் 4 சதவிகிதம் அளவுக்குப் பொருள்கள் ஸ்கேன் ஆகாமலே வெளியே போயிருந்தன. மளிகை வியாபாரத்தில் லாபமே பெரும்பாலும் சில சதவிகிதம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பது புரியும்.

அந்த ஆய்வு இன்னொன்றையும் எடுத்துக்காட்டியது. திருட்டை எளிதாக்கும் சூழலைக் கடைகளே உருவாக்கித் தருகின்றன. மாட்டிக்கொண்டாலும் 'மெஷின் சரியில்லை, எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல, ஒரு காரணமும் கூடவே கிடைத்துவிடுகிறது.

2023-ல் 'லெண்டிங்ட்ரீ' நிறுவனம் அமெரிக்காவில் எடுத்த சர்வேயில், செல்ஃப் செக்-அவுட் பயன்படுத்துகிறவர்களில் 15 சதவிகிதம் பேர் வேண்டுமென்றே பொருள் எடுத்ததாக ஒப்புக்கொண்டார்கள். தெரியாமல் எடுத்துவிட்டதாகச் சொன்னவர்கள் 21 சதவிகிதம். அதாவது, தெரிந்து எடுத்ததாகச் சொன்னவர்களைவிட தவறுதலாக எடுத்ததாகச் சொன்னவர்கள்தான் அதிகம். எட்டு மெஷின்களுக்கு நடுவே நிற்கும் ஊழியர் இந்த இரண்டு பேரையும் பார்வையிலேயே பிரித்தறிய வேண்டும். யாரால் முடியும்?

பின்வாங்கும் கடைகள்

இங்கிலாந்தின் வடபகுதியில் இயங்கும் 'பூத்ஸ்' சூப்பர் மார்க்கெட் நிறுவனம், 2023 நவம்பரில் இரண்டு கடைகளைத் தவிர மற்ற எல்லாக் கடைகளிலும் இந்த மெஷின்களை எடுத்துவிட்டு கல்லாவுக்கு மனிதர்களையே திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் 'டார்கெட்' தன் பெரும்பாலான கடைகளில் செல்ஃப் செக்-அவுட்டுக்கு 10 பொருள்கள்தான் உச்சவரம்பு என்றது. 'டாலர் ஜெனரல்' அதே ஆண்டில் சுமார் 12,000 கடைகளில் இந்த முறையையே கைவிட்டது.

கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரம் 2025-ல் இன்னும் ஒருபடி மேலே போய், சட்டமே போட்டது. மூன்று மெஷினுக்கு ஓர் ஊழியராவது இருக்க வேண்டும். அந்த ஊழியருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை தரக் கூடாது. ஒருவரை எட்டுத் திசைக்கும் ஓடவிட்டுவிட்டு, 'ஏன் திருட்டைப் பார்க்கவில்லை?' என்று கேட்க முடியாது என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் நியாயம். இதற்குப் பதிலாக செல்ஃப் செக்-அவுட்டையே மூடிவிட்ட கடைகளும் அங்கே உண்டு.

மெஷினே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்த அமேசானின் அனுபவமும் சுவாரஸ்யமானது. பொருளை எடுத்துக்கொண்டு நேராக வெளியே நடந்துவிடலாம், கேமராவே பில் போட்டுவிடும் என்றது அதன் தொழில்நுட்பம். 2024-ல் அமெரிக்காவிலுள்ள தன் 'ஃப்ரெஷ்' மளிகைக்கடைகளிலிருந்து அதை எடுப்பதாக அமேசான் அறிவித்தது. அந்த வீடியோக்களைச் சரிபார்க்க இந்தியாவில் சுமார் 1,000 பேர் வேலை பார்த்தார்கள் என்ற செய்தியும் பரவியது. ஒவ்வொரு பில்லையும் மனிதர்கள்தான் போட்டார்கள் என்பது தவறு என்று அமேசான் மறுத்தது. அதேசமயம், கணினிக்குப் பயிற்சி தரவும் குறிப்பிட்ட சில பில்களைச் சரிபார்க்கவும் மனிதர்கள் இருந்ததை அது மறுக்கவில்லை.

பார்த்த ஊழியர் என்ன செய்ய வேண்டும்?

இப்போது பெரியப்பா மகளிடம் வருவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பயிற்சியில் அவருக்குச் சொல்லப்பட்ட விதிகள் மூன்று. துரத்தாதே. தொடாதே. 'திருடினீர்கள்' என்ற வார்த்தையைச் சொல்லாதே.

கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். கண்ணெதிரே திருட்டு நடந்தால் பிடிப்பதுதானே கடமை? ஆனால், பெரிய நிறுவனங்கள் பலவற்றில் சாதாரண ஊழியருக்கு இதுதான் விதி. காரணம், உயிர்.

2023 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் ப்ளெசன்டன் நகரில், 'ஹோம் டிப்போ' கடையில் திருட்டைத் தடுக்கப்போன பாதுகாப்புப் பிரிவு ஊழியர் சுட்டுக்கொல்லப்பட்டார். இங்கிலாந்தில் 'பிரிட்டிஷ் ரீட்டெயில் கன்சார்ட்டியம்' வெளியிட்ட கணக்குப்படி 2023-24-ல் கடை ஊழியர்கள் மீதான வன்முறையும் வசைபாடலும் நாளொன்றுக்கு 2,000-ஐத் தாண்டியது. முந்தைய ஆண்டு அது 1,300. கடை ஊழியரைத் தாக்குவதைத் தனிக் குற்றமாக்கி ஸ்காட்லாந்து 2021-ல் சட்டமே கொண்டுவந்தது.

இந்த விதியை மீறினால் வேலை போகும் என்பதும் உண்மை. 2023-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 'லுலுலெமன்' கடைக்குள் முகமூடி அணிந்தவர்கள் புகுந்து துணிகளை அள்ளினார்கள். அவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டு, வாசல்வரை போன இரண்டு ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஊழியர்களின் பாதுகாப்புக்காகத்தான் இந்த விதி என்று நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி நியாயப்படுத்தினார். கடைக்காக நின்றவர்களைக் கடையே கைவிட்டதாகப் பலர் கொதித்தார்கள்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு சட்டைக்காக ஓர் உயிர் போகக் கூடாது. அதேநேரம், பார்த்தும் பேசாமல் நிற்பதுதான் வேலை என்றால், நேர்மையான ஊழியருக்கு அது தினசரி அவமானம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. சேவை. அருகில் போய், "அது ஸ்கேன் ஆகலைபோல, நான் உதவட்டுமா?" என்று கேட்பது. தவறுதலாகச் செய்தவருக்கு அது உதவி. தெரிந்தே செய்தவருக்கு 'உன்னைப் பார்த்துவிட்டேன்' என்ற செய்தி. இரண்டு பேருக்குமே மரியாதையோடு திரும்பிப்போக ஒரு கதவு.

உள்ளேயே கை வைத்தால்?

கணக்கில் இருக்கும், கடையில் இருக்காது. இப்படிக் காணாமல்போகும் சரக்குக்கு வியாபார உலகில் 'ஷ்ரிங்கேஜ்' என்று பெயர். அமெரிக்காவின் தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு 2022 நிதியாண்டுக்கு எடுத்த கணக்கில், இந்த இழப்பில் வெளியாட்கள் திருட்டு 36 சதவிகிதம். ஊழியர்களின் திருட்டு 29 சதவிகிதம். நிர்வாகக் குளறுபடிகளும் தவறுகளும் 27 சதவிகிதம். ஆகவே, எல்லாப் பழியையும் வாடிக்கையாளர் மீதே போட்டுவிட முடியாது. பழியை மிகைப்படுத்துவதும் நடக்கிறது. 2021-ம் ஆண்டு இழப்பில் ஏறக்குறைய பாதி திருட்டுக் கும்பல்களால் என்று சொன்ன இதே அமைப்பு, 2023 டிசம்பரில் அந்தக் கூற்றைத் திரும்பப் பெற்றது.

ஊழியர் திருட்டு என்றதும் கல்லாவில் கை வைப்பதுதான் நினைவுக்கு வரும். ஆனால், அதிகம் நடப்பது 'நம்ம ஆள்' சலுகை. நண்பர் வந்தால் நான்கு பொருளில் ஒன்றை ஸ்கேன் செய்யாமல் விடுவது, இல்லாத ஆஃபரைப் போட்டுத்தருவது. செல்ஃப் செக்-அவுட்டில் இது இன்னும் சுலபம். தெரிந்தவர் மாற்றி அழுத்துவதைப் பார்த்தும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாலே போதும்.

இதனால்தான், ஊழியர்கள் தாங்கள் வாங்கும் பொருளுக்குத் தாங்களே பில் போடக் கூடாது. வேலை நேரத்தில் உறவினருக்கு பில் போடக் கூடாது என்றெல்லாம் கடைகள் விதி வைத்திருக்கின்றன. முப்பது ரூபாய் பொருள்தானே என்று மீறியவருக்கும் வேலை போகிறது. தொகை சிறியது என்பதைக் கடை பார்ப்பதில்லை. நம்பிக்கை போய்விட்டது என்பதைத்தான் பார்க்கிறது.

தவறுதலா, திருட்டா?

அலபாமா மாநிலத்தில் 2016-ல் நடந்தது இது. ஒரு பெண் 'வால்மார்ட்' செல்ஃப் செக்-அவுட்டில் மளிகை வாங்கினார். மெஷின் இடையில் நின்றது. சுமார் 48 டாலர் பொருள்களுக்குப் பணம் கட்டவில்லை என்று வாசலில் நிறுத்தப்பட்டார். கட்டிவிட்டேன் என்று அவர் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. கைது, வழக்கு. பிறகு வழக்கு தள்ளுபடியானது. ஆனாலும், 200 டாலர் கட்டு, இல்லையென்றால் உன் மீது சிவில் வழக்கு என்று வக்கீல் அலுவலகத்திலிருந்து கடிதங்கள் வந்தன. அவர் திருப்பி வழக்குப் போட்டார். 2021-ல் ஜூரி அவருக்கு 21 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. ஐந்து ஆண்டுகள் வழக்காட எல்லோராலும் முடியாது. முக்கியமாக, விசாவில் இருக்கும் மாணவரால் முடியாது.

2024-ல் நியூஜெர்சியின் ஹோபோக்கனில், வாங்கிய சில பொருள்களுக்குப் பணம் கட்டாமல் வந்ததாக நம் பக்கத்து தெலுங்கு மாநிலங்களைச் சேர்ந்த இரண்டு மாணவிகள் கைதானார்கள். இரண்டு மடங்கு பணம் தருகிறோம் விட்டுவிடுங்கள் என்று அவர்கள் கெஞ்சிய வீடியோ நம் செல்போன்களுக்கெல்லாம் வந்தது. நம்மூரில் 'காசைக் கட்டிட்டுப் போ' என்று முடிந்திருக்கலாம். அங்கே போலீஸ் வந்துவிட்டால் பணம் கட்டுவது முடிவல்ல.

2025 ஜூலையில் இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் வெளிப்படையாகவே எச்சரித்தது. அமெரிக்காவில் திருட்டு, தாக்குதல் போன்ற குற்றங்களில் ஈடுபட்டால் விசா ரத்தாகலாம், எதிர்காலத்தில் விசாவுக்கான தகுதியும் போகலாம் என்றது. கல்விக்கடன், அடமானம் வைத்த நகை, அப்பாவின் பி.எஃப் பணம் எல்லாம் சேர்ந்த ஒரு விசா, சில டாலர் திராட்சையில் போய்விடும்.

நம்மூர் நிலவரம்

நம் ஊரில் செல்ஃப் செக்-அவுட் இன்னும் அபூர்வம்தான். விளையாட்டுப் பொருள்கள் விற்கும் 'டெகாத்லான்' போன்ற கடைகளில், பொருள்களைப் பெட்டிக்குள் போட்டாலே ஆர்.எஃப்.ஐ.டி சிப் மூலம் பில் வந்துவிடும் முறையைச் சிலர் பார்த்திருக்கலாம். மற்ற கடைகளில் மெஷினுக்குப் பதில் மனிதர்கள். நுழையும்போது பையை வாங்கிக்கொண்டு டோக்கன், வெளியேறும்போது பில்லைப் பார்த்து சீல். சந்தேகம் ஒன்றுதான்; அதைக் காட்டும் முறைதான் வேறு.

சட்டம் இங்கேயும் மாறியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறையாகத் திருடித் தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால் சமூக சேவைதான் தண்டனை. ஆனால், ஊழியர் ஒருவர் தன் முதலாளியிடம் திருடினால் ஏழு ஆண்டுகள்வரை சிறை.

ஊழியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. கடையில் பொருள் காணாமல்போனால் எல்லோர் சம்பளத்திலும் பிடித்தம் செய்வது சட்டப்படி சரியல்ல. 1936-ம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலிருந்து இப்போதைய ஊதியச் சட்டத்தொகுப்பு வரை சொல்வது ஒன்றுதான். அந்தப் பொருள் குறிப்பிட்ட ஊழியரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அவருடைய அலட்சியத்தாலேயே அது தொலைந்திருக்க வேண்டும். அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு தரப்பட வேண்டும். நின்றே வேலைபார்த்த கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021-ல் சட்டத்திருத்தம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. நாளை மெஷின்கள் வரும்போது, ஒருவர் எத்தனை மெஷினைப் பார்க்கலாம் என்ற கேள்வியையும் இங்கே கேட்கத்தான் வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் மெஷின் முன்னால் நிற்கும்போது...

* போனில் பேசிக்கொண்டே ஸ்கேன் செய்யாதீர்கள். 'பீப்' சத்தத்தை மட்டும் நம்பாமல், திரையில் பொருளின் பெயர் வந்ததா என்று பாருங்கள்.
* ஸ்கேன் செய்யாத பொருளைச் சொந்தப் பையிலோ கோட் பாக்கெட்டிலோ வைக்காதீர்கள். கடைக் கூடையோ ட்ராலியோதான் பாதுகாப்பு.
* ட்ராலியின் கீழ்த்தட்டையும் குழந்தையின் கையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.
* மெஷின் நின்றுவிட்டால் நீங்களாகச் சமாளிக்காமல் ஊழியரைக் கூப்பிடுங்கள்.
* பணம் போனது என்று வங்கியிலிருந்து மெசேஜ் வந்தாலும் ரசீது இல்லாமல் கிளம்பாதீர்கள். ரசீதை ஸ்கேன் செய்தால்தான் திறக்கும் வாசல்கள் இப்போது பல கடைகளில் இருக்கின்றன.
* வாசலில் நிறுத்தினால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள். ரசீதைக் காட்டுங்கள். போலீஸ் வந்துவிட்டால், புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் வழக்கறிஞரையும் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தையும் தொடர்புகொள்ளுங்கள்.
* ஸ்கேன் ஆகாத பொருள் வீட்டுக்கு வந்துவிட்டது தெரிந்தால், அடுத்த முறை போகும்போது வாடிக்கையாளர் சேவை கவுன்ட்டரில் நீங்களே சொல்லிப் பணம் கட்டிவிடுங்கள்.

அந்த இரவு...

பெரியப்பா மகள் சொன்ன ஒரு சம்பவத்தோடு முடிக்கிறேன். நான் முதலில் சொன்ன அந்தச் சனிக்கிழமை இரவு, ஆறாவது மெஷினில் ஒரு பையன் நின்றிருந்தான். நம்மூர் முகம். இங்கே வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது என்பது அவன் போட்டிருந்த புது ஜாக்கெட்டிலேயே தெரிந்ததாம். மேடையில் திராட்சை. திரையில் அவன் விரல் போனது கேரட் படத்துக்கு.

அக்கா பார்த்துவிட்டார். பார்க்காததுபோல் திரும்பிக்கொள்ளலாம்; ஆனால், தலைக்கு மேல் கேமரா இருக்கிறது, நாளை அது 'நம்ம ஆள்' சலுகை என்று அவர் வேலைக்கே வரும். மேலாளரிடம் சொல்லலாம், அந்தப் பையனின் அம்மா ஊரில் என்ன அடமானம் வைத்து அனுப்பினாரோ என்ற நினைப்பு. இரண்டு விநாடிதான் யோசித்தாராம்.

பக்கத்தில் போய்த் தமிழிலேயே கேட்டிருக்கிறார். "தம்பி, மாத்தி அழுத்திட்டீங்கபோல. நான் சரிபண்ணித் தரட்டுமா?"

அவன் காது சிவந்துவிட்டதாம். "சரிங்கக்கா" என்றவன், விலை மாறியதும் கையிலிருந்த காசை எண்ணிப் பார்த்துவிட்டு, திராட்சை வேண்டாம் என்று வைத்துவிட்டு, பிரெட்டுக்கும் முட்டைக்கும் மட்டும் பணம் கட்டிப் போயிருக்கிறான்.

அடுத்த வாரமும் அவன் வந்தான். மெஷின் பக்கம் வரவில்லையாம். கடையில் திறந்திருந்த ஒரே ஒரு கேஷியர் கல்லாவில், நீளமான வரிசையில் கடைசி ஆளாக நின்று காத்திருந்து பில் போட்டுக்கொண்டு போனானாம். போகும்போது அக்காவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனான்.